பழைய கேஸ், புதுக் கேஸ்

வேப்பமரத்தடியில் எங்கள் வெள்ளை அம்பாசடர் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு கண்ணாடிகளும் முழுக்க ஏற்றப்பட்டிருந்தன. உள்ளே என் தம்பி உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில், ஸ்டியரிங்குக்கு முன்னால், அன்றுதான் நாங்கள் முதல் தடவையாகப் பார்த்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஒரு கையை ஸ்டியரிங் மேல் வைத்திருந்தாள்.

வெளியே நாங்கள் நின்றோம். அம்மா, நான், பெண்ணின் அப்பா, பெண்ணின் அம்மா. உச்சி வெயில். திருமங்கலத்தைத் தாண்டிய கரிசல் காடு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெளுத்துக் கிடந்தது. ரோடு எங்கோ தொலைவில் தண்ணீர் தேங்கியதுபோல மினுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போனால் அது இருக்காது என்று தெரிந்தும் கண் அங்கேயே போனது.

கண்ணாடிக்குள் தம்பியின் வாய் அசைந்தது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. அவன் என்ன சொல்கிறான் என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். அதைக் கேட்டுவிட்டு அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பதுதான் தெரியாது.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கிணற்றைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "டீச்சர், ஊர்க்கதையே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, உங்கள் வீட்டில் கதை நடக்கவில்லையா?" என்று கேட்டிருந்தார். நடந்தது ஐயா. ஒரு மெக்கானிக் ஷெட்டில் ஆரம்பித்து இந்த வேப்பமரத்தடியில் வந்து நின்றது. எழுதலாமா என்று தம்பியிடம் கேட்டேன். "பேரை மட்டும் மாத்திரு, அக்கா" என்றான். அதனால் இங்கே அவன் பெயர் சீலன்.

வியர்க்காத பிள்ளை

சீலனுக்கு வியர்க்காது. பிறவியிலேயே அப்படி. வியர்வைச் சுரப்பிகள் சரியாக அமையவில்லை என்று டாக்டர் சொன்னார். தலைமுடியும் பூனைமுடி மாதிரி மெல்லிசு. இரண்டு மூன்று பல் முளைக்கவே இல்லை, பிற்பாடு கட்டியதுதான்.

கேட்டவர்களெல்லாம் பொறாமைப்பட்டார்கள். "வேர்க்கவே செய்யாதா? கொடுத்து வச்சவன்டா!" என்பார்கள். மதுரையில் பிறந்தவனுக்கு வியர்க்காமல் போவது எப்பேர்ப்பட்ட விஷயம் என்பது வியர்க்கிறவர்களுக்குத் தெரியாது. உடம்புக்குள் ஏறிய சூடு இறங்க வழியில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் முகம் செங்கல் நிறமாகும். பேச்சு குழறும். அப்புறம் ஆள் சாய்ந்துவிடுவான்.

பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற நேரமெல்லாம் ஓடிப்போய்க் குழாயடியில் சட்டையோடு நனைந்துவிட்டு வருவான். வாத்தியார்கள் சேட்டை என்று நினைத்து அடித்தார்கள். பையன்கள் 'தண்ணிப்பாம்பு' என்று பெயர் வைத்தார்கள். அவன் அழுது நான் பார்த்ததில்லை. ஈர டவலைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே திரிவான்.

படித்து முடித்ததும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். பெரிய ஆசை என்று நினைத்துவிட வேண்டாம். "மனுசனுக்கு ஏசி போட மாட்டாங்கக்கா, கம்ப்யூட்டருக்குப் போடுவாங்க. நான் அது கூடவே இருந்துக்கிறேன்" என்றான். மேல மாசி வீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். விடிவதற்குள் போய், வெயில் தாழ்ந்தபின் வருவான். நடுவில் உள்ள பகலை அவன் பார்த்தது எங்கள் காரின் கண்ணாடி வழியாக மட்டும்தான்.

குளிர் சவாரி

அந்தக் காரை அப்பா பஞ்சாலை மேனேஜர் ஒருவரிடமிருந்து பழசாக வாங்கினார். கணக்கு வாத்தியாருக்குக் கார் எதற்கு என்று ஊரே கேட்டது. அப்பா காரை வாங்கவில்லை, டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கிய ஏசிப் பெட்டியை வாங்கினார். கார் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

மே மாதத்து மத்தியானங்களில், ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும்போது, அப்பா எங்களைக் கிளப்புவார். போக ஓர் இடம் என்று கிடையாது. அவனியாபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஏர்போர்ட் பக்கம் போய், கப்பலூரைத் தொட்டு, அதற்குமேல் ரோடு எங்கே கூட்டிப்போகிறதோ அங்கே. அதற்கு அவர் வைத்த பெயர் குளிர் சவாரி.

அந்தச் சவாரிகளைப்போல ஒன்றை அப்புறம் நான் அனுபவித்ததே இல்லை. எஞ்சின் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். வேறு சத்தம் கிடையாது. வெளியே உலகம் ஊமையாக நடக்கும். ஒருவர் தன் மாட்டைத் திட்டுவார், வாய் மட்டும் அசையும். கிடை ஆடுகள் ரோட்டைக் கடக்கும், கழுத்தை நீட்டிக் கத்தும், எங்களுக்குக் கேட்காது. கருவேலங்காட்டுக்கு மேல் காற்று நெளியும். அதற்குப் பின்னால் இருக்கும் பனைமரங்களும் சேர்ந்து நெளியும்.

சீலன் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு பார்ப்பான். சில சமயம் அப்படியே தூங்கிவிடுவான். அவனுக்குக் குளிர்ந்து மயிர்க்கூச்செறிந்திருக்கும். அப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். எனக்கு இன்றைக்கும் கனவில் வெயில் வந்தால் சத்தமில்லாமல்தான் வருகிறது.

அப்பா போனபிறகு, "அவுக வண்டிய விக்க வேணாம்" என்று அம்மா சொல்ல, கார் என் கைக்கு வந்தது. பருத்திச் சேலை கட்டிய ஒரு டீச்சர் ஸ்டியரிங்குப் பக்கத்துக் கியரை மல்லுக்கட்டி மாற்றுவதைப் பார்த்து டவுன் பஸ் டிரைவர்களே வழிவிட்டார்கள். மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன். பயம் என்று சீலன் சொல்வான்.

கோரிப்பாளையத்து வைத்தியம்

புது நூற்றாண்டு பிறந்து பால்குடி மறக்காத காலம் அது. பங்குனி வெயில் ஆரம்பித்தபோது ஏசி படுத்துவிட்டது. காற்று வந்தது, குளிர் வரவில்லை.

சரியாக அப்போதுதான் சீலனுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. எங்கள் சபைப் போதகர் மூலமாக வந்தது. திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். பெண்ணின் பெயர் எஸ்தர். கப்பலூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபின் நாங்கள் போய்ப் பார்க்கலாம். விளக்கு வைத்தபின் பெண் பார்க்க வருவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய நாள். ஆக, உச்சி வெயில்தான்.

சீலனின் உடம்பைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா சொல்லவிடவில்லை. ஏற்கெனவே சொல்லிப் பார்த்து, காபி ஆறுவதற்குள் எழுந்துபோன வீடுகள் உண்டு.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. நான் ஒரு பொய்கூடச் சொல்லல. சொல்லாம இருக்கேன், அம்புட்டுதான்" என்றாள் அம்மா.

"நான் சொல்லிருவேன்" என்றான் சீலன். "அந்தப் பொண்ணுகிட்ட நானே நேர்ல சொல்லிருவேன். ஆனா வெயில்ல போனா என் வாய் என் பேச்சக் கேக்காது. குழறிக்கிட்டே சொன்னா எப்பிடிக்கா இருக்கும்? குடிச்சிட்டு வந்திருக்கேன்னு நினைப்பா."

அவன் கேட்டது அவ்வளவுதான். அவள் முன்னால் முழு மனிதனாகப் போய் நிற்க வேண்டும், நல்ல குரலில் நாலு வார்த்தை பேச வேண்டும். அதற்கு வண்டி குளிர வேண்டும்.

கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் காஜா பாயின் ஷெட் இருந்தது. கார் ஏசி மட்டும்தான் பார்ப்பார். அப்பா காலத்திலிருந்தே பழக்கம். வாய் கொஞ்சம் நீளம். தன்னை டாக்டர் என்றே நினைத்திருந்தார். சவரசோப்பை நுரைத்து ஒவ்வொரு பைப் மூட்டிலும் தடவினார். ஓரிடத்தில் நுரை குமிழ் விட்டது.

"லீக்கு டீச்சரம்மா. பூராக் கேஸும் போயிருச்சு."

"அடைச்சிட்டு ரொப்பிருங்க பாய்."

"எதை வச்சு ரொப்ப? பழைய கேஸு இப்பக் குதிரைக் கொம்பு. வானத்துல ஓட்டை போடுதுன்னு உலகம் பூரா நிப்பாட்டுறாங்க. கிடைச்சாலும் கலப்படம். புது வண்டி எல்லாத்துலயும் புதுக் கேஸுதான். நாமளும் மாத்திருவோம்."

"எங்க வண்டி ஒண்ணாலயா பாய் வானத்துல ஓட்டை விழுந்துச்சு?"

"எல்லா ஓட்டையும் சின்னதாத்தான் ஆரம்பிக்கும் டீச்சரம்மா" என்றார் காஜா பாய், சோப்பு நுரையைக் காட்டி.

மாற்றுவது என்றால் பழையதை விட்டுவிட்டுப் புதியதை ஊற்றுவது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கம்ப்ரசருக்குள் இருக்கும் பழைய எண்ணெய்க்கும் புதுக் கேஸுக்கும் ஒத்துப்போகாதாம். "பொருத்தம் பாக்கணும்ல!" என்று சீலனைப் பார்த்துக் கண்ணடித்தார். எண்ணெயை வடித்தார். பைப்புகளைக் கழுவினார். கறுப்பு ரப்பர் வளையங்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் பச்சை வளையங்கள் போட்டார். உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சுவதற்கு ஓர் உருளை உண்டு, அதற்குப் பாட்டில் என்று பெயர், அதையும் மாற்றினார். பிறகு பம்பை மாட்டி உள்ளேயிருந்த காற்றை உறிஞ்சவிட்டார். கடைசியில் புதுக் கேஸ் ஏறியது.

ஏசி ஓடியது. குளிர்ந்தது. சீலன் கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் வெறும் காற்று வந்தது. அப்புறம் மறுபடி குளிர். மறுபடி வெறும் காற்று.

காஜா பாய் தலையைச் சொறிந்தார். "அவசரப்பட்டுட்டேன். காத்தை இன்னும் உறிஞ்சவிட்டிருக்கணும். உள்ள ஈரம் நின்னுபோச்சு. அது பனிக்கட்டியாகி வாயை அடைக்குது, கரைஞ்சா வழிவிடுது. திரும்பப் பிரிக்கணும். சனிக்கிழமைக்கு வண்டி வராது டீச்சரம்மா. என் மேலதான் தப்பு."

'க' ஒன்றுதான்

நான் தமிழ் டீச்சர். முப்பது வருஷம் எழுத்து சொல்லிக்கொடுத்தவள். நம் மொழியில் 'க' ஒன்றுதான். அழுத்திச் சொல்வதும் அமுக்கிச் சொல்வதும் இடத்தைப் பொறுத்தது, தனி எழுத்து தேவையில்லை என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமை எங்கள் வீட்டிலேயே வந்து விடிந்தது.

சனிக்கிழமை வர முடியாது என்று பெண் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டில் ஃபோன் இல்லை. எதிரே மருந்துக்கடை அண்ணாச்சியின் ஃபோன்தான் அவர்களுக்கும் பி.பி. நம்பர். கூப்பிட்டுச் சொன்னால் அவர் போய்ச் சொல்லிவிடுவார். அம்மா எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். பக்கத்தில் நான் நின்றேன்.

'ஏசி' என்ற சொல்லை அம்மா கவனமாகத் தவிர்த்தாள். ஏசி என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் உடம்பு வந்துவிடும்.

"ஹலோ! மதுரையிலருந்து மாப்ள வீட்ல பேசுறோம்! இந்தச் சனிக்கிழமை வர முடியல! பழைய கேஸ் முடிஞ்சுபோச்சுங்க! புதுக் கேஸ் போடுறாங்க! ஒரு தடவை போட்டது சரியா நிக்கல, திரும்பப் போடுறாங்க! அது முடிஞ்சாத்தான் தம்பி வெளியில வர முடியும்!"

'கார்ல' என்று முதலில் சொன்னதாக அம்மா பிற்பாடு பைபிள்மேல் சத்தியம் செய்தாள். லைன் இரைச்சலில் அது விழவில்லை. விழுந்ததை மட்டும் அண்ணாச்சி அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை மேல் பழைய கேஸ் ஒன்று இருந்து முடிந்துவிட்டது, இப்போது புதுக் கேஸ் போட்டிருக்கிறார்கள், அது முடிந்தால்தான் வெளியே விடுவார்கள்.

"எல்லாருமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் அம்மாவும் வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரம், வாசலில் பெண்ணின் அப்பா நின்றார். ஞானமுத்து. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள்தான் என்பதுபோல ஒரு பார்வை.

நாற்காலி போட்டோம், உட்கார்ந்தார். "பையன் எங்க இருக்காரு?"

"உள்ளதான் இருக்கான்" என்றாள் அம்மா.

அவர் முகம் கறுத்தது. "உள்ளயா? மறைக்காமச் சொல்றீகளே, அது வரைக்கும் சந்தோசம். என்ன கேஸுங்க?"

"புதுக் கேஸுதாங்க. இப்ப எல்லாரும் இதுக்குத்தான் மாறுறாங்க."

"எல்லாருமா?"

"ஆமாங்க. பழசக் கவர்மெண்டே வேணாம்னு தள்ளிருச்சாமே!"

"தள்ளுபடி ஆயிருச்சா? பெறகு எதுக்குப் புதுசு போட்டாங்க?"

"போடலன்னா தம்பி பகல்ல வெளியில வர முடியாதுல்ல."

ஞானமுத்து எழுந்துவிட்டார். "அப்ப ராத்திரியில மட்டும் வருவாராக்கும்!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன். உள் அறையிலிருந்து சீலன் ஈர டவலோடு வந்தான். "ஐயா, இது போலீஸ் கேஸு இல்ல. ஏசிக்கு ஊத்துற கேஸு. கார் ஏசி ரிப்பேர்" என்றான்.

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மூச்சு விட்டார். உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். குடித்து முடித்ததும்தான் கண்டக்டர் மறுபடி விழித்தார்.

"ஏசி இல்லன்னா பொண்ணு பாக்க வர மாட்டாரோ மாப்ள? எங்க ஊர்லயும் மனுசங்க இருக்கோம்ல?"

சீலன் வாயைத் திறந்தான். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஒத்தப் பையன். சொகுசாவே வளத்துட்டோங்க. அதான்."

நோயாளி என்பதைவிடச் சொகுசுக்காரன் என்பது மேல் என்று அம்மாவின் கணக்கு. சீலனின் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போனார். போகும்போது குரலில் பிரியம் இல்லை.

"ஒரு பொய்கூடச் சொல்லலன்னு சொன்னியேம்மா" என்றான் சீலன்.

"ஒண்ணே ஒண்ணுதானடா" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஓடினால் ஊட்டி

இந்தத் தடவை காஜா பாய் பம்பை மாட்டிவிட்டு, தொழுகைக்குப் போய், சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்துதான் கழற்றினார். கேஸ் ஏறியது. எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து சீலனைக் கூப்பிட்டார்.

"அந்தத் தடிச்ச பைப்பைத் தொடுங்க தம்பி. வேர்த்திருக்கா?"

சீலன் தொட்டான். பைப் முழுக்கப் பொடிப்பொடியாகத் தண்ணீர் பூத்திருந்தது. விரலால் வழித்துப் பார்த்தான். "வேர்க்குது அண்ணே" என்றான். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்ததை என்னவென்று சொல்லத் தெரியவில்லை. பொறாமை இல்லை. கொஞ்சம் மரியாதை மாதிரி இருந்தது.

"பைப்பு வேர்த்தா வண்டிக்கு உடம்பு நல்லாருக்குன்னு அர்த்தம்" என்றார் காஜா பாய். பிறகு என்னைத் தனியாக அழைத்தார். "டீச்சரம்மா, ஒண்ணு சொல்லிருதேன். ஓடுறப்ப ஊட்டி. நின்னா மதுரை. இது பழைய கேஸுக்குன்னு கட்டுன வண்டி. முன்னாடி ரேடியேட்டர் ஓரம் ஒரு ஜல்லடை இருக்குல்ல, அதுதான் சூட்டை வெளிய தள்ளணும். புதுக் கேஸுக்கு அது பத்தல. ஒரு ஃபேன் மாட்டியிருக்கேன். இருந்தாலும் ரொம்ப நேரம் நிப்பாட்டி வச்சு ஏசி ஓட்டாதீக. வேற வழியில்லன்னா அந்த ஜல்லடையில தண்ணி ஊத்துங்க, கொஞ்சம் தாங்கும்."

சனிக்கிழமை புறப்பட்டோம். ஓடும்போது உண்மையாகவே ஊட்டிதான். கப்பலூர்த் தகரக் கூரைகள் வெயிலில் வெள்ளையாக எரிந்தபடி பின்னால் போயின. அப்புறம் வெறும் காடு. பருத்தி எடுத்து, காய்ந்த செடியையும் பிடுங்கிய கறுப்பு மண், வெடித்து வாய்பிளந்து கிடந்தது. ஒரு பெண் தலையில் விறகோடு நடந்து போனாள். அவள் கொலுசு போட்டிருந்தது தெரிந்தது, கேட்கவில்லை. பின்சீட்டில் அம்மா தூங்கிவிட்டாள். அப்பா ஓட்டிய சவாரி ஒன்றுக்குள் மறுபடி நுழைந்துவிட்டது போலவும், எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை என்பது போலவும் எனக்கு இருந்தது.

சீலனின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. ஒப்பிச்சுப் பாக்குறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

போய்ச் சேர்ந்தபோது அந்த ஊரில் கரண்ட் இல்லை. சிமெண்ட் ஷீட் கூரை போட்ட வீடு. உள்ளே ஜன்னலோரம் நாற்காலிகள் போட்டு, பழத்தட்டு வைத்து, எல்லோரும் விசிறியோடு காத்திருந்தார்கள். சீலன் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தான். அந்தக் கூரையைப் பார்த்தான். காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"அக்கா, அதுக்குள்ள போனா நான் விழுந்துருவேன். அந்தப் பொண்ண இங்க வரச் சொல்ல முடியுமா?"

"அசிங்கம்டா!" என்றாள் அம்மா.

நான் எஞ்சினை அணைக்காமல் இறங்கிப்போய்க் கேட்டேன், அம்மாவும் பின்னாலேயே இறங்கி வந்தாள். ஞானமுத்துவுக்கு வந்த கோபம் கோபம். "வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டாராமா? அம்புட்டுப் பெரிய ஆளா? கூட்டிக்கிட்டுப் போங்க உங்க தம்பிய!"

அப்போது உள்ளேயிருந்து எஸ்தர் வந்தாள். நிதானமான பெண். "அவரு வரலன்னா என்னப்பா, என்னன்னு நான் போய்க் கேக்குறேன்" என்றாள். யாரும் பதில் சொல்வதற்குள் வெயிலில் இறங்கி நடந்தாள். எந்தக் கதவு பக்கத்தில் இருந்ததோ அதைத் திறந்தாள். அது என் கதவு. ஏறி உட்கார்ந்து இழுத்து அடைத்தாள்.

அதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன காட்சி.

சீலன் பேசினான். என்ன பேசினான் என்று அப்புறம் என்னிடம் சொல்லியிருக்கிறான். எதையும் விடவில்லை. குழாயடி, ஈர டவல், கட்டிய பல். பிறக்கும் பிள்ளைகளுக்கும் இது வரலாம் என்று டாக்டர் சொன்னதையும் சொல்லியிருக்கிறான்.

வெளியே ஞானமுத்து சும்மா இருக்க முடியாமல், யாரும் கேட்காததற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க குடும்பத்துல கல்யாணம்னா மே மாசந்தான். சொந்தக்காரங்க பூராம் வாத்திமாருங்க. லீவுலதான் வர முடியும். இனி அதெல்லாம் எதுக்கு?"

நேரம் போனது. காரின் முன்பக்கத்து இரைச்சல் கனத்துக்கொண்டே வந்ததை நான் கேட்டேன். உள்ளே சீலன் கழுத்துப் பட்டனைத் திறந்தான். கன்னம் சிவக்கத் தொடங்கியிருந்தது. நின்றால் மதுரை! வண்டியை நகர்த்தினால் குளிரும். ஆனால் ஓட்ட வேண்டியவளின் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். போய்க் கதவைத் தட்டினால் அவன் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். தட்டாவிட்டால் அவன் அவள் தோளிலேயே சாய்ந்துவிடுவான். என் வாழ்க்கையில் அப்படி நான் எப்போதும் பயந்ததில்லை.

"ஒரு குடம் தண்ணி குடுங்கம்மா" என்று எஸ்தரின் அம்மாவிடம் கேட்டேன். வாரத்துக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊர். அந்த அம்மாள் எதற்கு என்று கேட்கவில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். நான் காருக்கு முன்னால் போய் நின்று கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஜல்லடையில் ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி எழுந்து என் முகத்தில் அடித்தது.

"கொதிக்குதா?" என்றார் ஞானமுத்து, ரேடியேட்டரை நினைத்து.

"கொதிக்குதுங்க" என்றேன். எது என்று நான் சொல்லவில்லை.

குடத்துக்கு மேலாகக் கண்ணாடி வழியே பார்த்தேன். சீலன் பேச்சை நிறுத்தியிருந்தான். சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது என்று தெரிந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தான். எஸ்தர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முன்னால் குனிந்தாள். டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கிய பெட்டியில் காற்று வரும் வாய்களை, ஒவ்வொன்றாக, அவன் பக்கம் திருப்பிவிட்டாள்.

"என்னடி பண்றா?" என்று அம்மா என் காதில் கேட்டாள். இன்னொரு குடம் கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து எஸ்தர் இறங்கினாள். குளிர் வெளியே போய்விடாமல் சட்டென்று கதவை அடைத்தாள். எங்களைப் பார்க்கவில்லை. நேராக அவள் அப்பாவிடம் போனாள்.

"மே மாசம் வேணாம்ப்பா" என்றாள். "கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோட வச்சுக்கலாம்."

ஞானமுத்து காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா? அப்பிடி என்ன சொன்னாரு?"

"அவுகளுக்கு வெயில் ஆகாது" என்றாள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தச் சுடுமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். தூக்கப்போன என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "'அவுக'ன்னு சொல்லிட்டாடி" என்றாள்.